14-லிருந்து 111: பாரா ஆசியப் போட்டியில் இந்தியா வளர்ந்ததா, பட்டியல் மட்டும் வளர்ந்ததா?

மேட்டூரான்:
மாற்றுத்திறனாளிகளுக்கான அடுத்த பாரா ஆசிய விளையாட்டுப் போட்டி 2026 அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி-நாகோயாவில். அது தொடங்கிவிட்டால் இங்கே யாரும் நிதானமாகப் பேச மாட்டோம், பதக்கப் பட்டியலை ஒட்டிக்கொண்டே இருப்போம், அதனால் இப்போதே இழையைத் திறந்து வைக்கிறேன். அலுவலகத்தில் ஒரு நண்பரோடு கொஞ்ச நாளாகவே இந்தச் சண்டை ஓடுகிறது.

என் பக்கம் இதுதான். 2010 குவாங்சௌ: மொத்தம் 14 பதக்கம், அதில் தங்கம் ஒன்றே ஒன்று, 15-ஆம் இடம். 2014 இஞ்சியோன்: 33 பதக்கம், 3 தங்கம், மறுபடியும் 15-ஆம் இடம். 2018 ஜகார்த்தா: 72 பதக்கம், 15 தங்கம், 9-ஆம் இடம். அப்புறம் ஹாங்சௌ, பெயரில் 2022 என்று இருந்தாலும் கொரோனாவால் தள்ளிப்போய் 2023 அக்டோபரில் நடந்தது: 29 தங்கம், 31 வெள்ளி, 51 வெண்கலம், ஆக 111, 5-ஆம் இடம். அதே ஊரில் சில வாரம் முன்னால் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் ஆட்கள் 107 எடுத்ததற்கு நாடே கொண்டாடியது. 111-க்கு எத்தனை பேர் பட்டாசு வெடித்தோம்?

நண்பர் சொல்வது: "ஒவ்வொரு பிரிவிலும் நாலு பேர்தான் நிற்கிறார்கள், மூன்று பேருக்குப் பதக்கம், இதில் என்ன பெருமை." எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் சரியான பதில் கையில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

நேர்ப்பேச்சு:
உங்கள் நண்பர் பக்கம் நான் நிற்கிறேன், அடிக்க வராதீர்கள். ஹாங்சௌவில் ஆண்கள் உயரம் தாண்டுதலில், கால் குறைபாடு உள்ளவர்களுக்கான டி63 பிரிவில் களத்தில் இருந்ததே மூன்று பேர். மூவரும் இந்தியர்கள். சைலேஷ் குமார் 1.82 மீட்டர், நம் மாரியப்பன் 1.80, ராம்சிங் பாதியார் 1.78. கிளப் எறிதல் (சிறு மரக்கட்டையை உட்கார்ந்து எறிவது) எஃப்51 பிரிவில் நான்கு பேர், முதல் மூன்று இடமும் இந்தியாவுக்கு, நான்காவதாக ஒரு சவூதிக்காரர். இதை உள்ளூர்த் தேர்வுப் போட்டி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

சீனா எடுத்தது 521 பதக்கம், 214 தங்கம். நாம் 5-ஆம் இடம் என்று மார்தட்டும்போது முதலிடத்துக்கும் நமக்கும் நடுவில் 185 தங்கம் இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேட்டூரான்:
@நேர்ப்பேச்சு சீனாவோடு ஒப்பிட்டால் ஆசியாவில் எல்லோருமே பூஜ்ஜியம்தான், ஜப்பான் உட்பட.

புள்ளிக்கணக்கு:
இரண்டு பேருமே மொத்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஆட்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜகார்த்தாவுக்குப் போனவர்கள் 190 பேர், பதக்கம் 72. ஹாங்சௌவுக்குப் போனவர்கள் 303 பேர், பதக்கம் 111. வகுத்துப் பார்த்தால் முதலாவது 0.38, இரண்டாவது 0.37. ஒரு மயிரிழை குறைந்துகூட இருக்கிறது! பாராலிம்பிக்கிலும் இதே கதைதான். டோக்கியோவில் 54 பேர் போய் 19, பாரிஸில் 84 பேர் போய் 29. இரண்டுமே 0.35-ஐ ஒட்டி வருகிறது. அதாவது நாம் அனுப்பும் ஆட்களில் மூன்று பேருக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகப் பதக்கம் வருகிறது, கூட்டம் பெருத்ததால் பதக்கமும் பெருத்தது. இது கிண்டல் இல்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 113 பேரைக் கூடுதலாக அழைத்துப் போனால் தரம் இறங்கி விகிதம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அப்படியானால் ஊரில் இன்னும் ஆள் இருக்கிறார்கள், நாம் இதுவரை கூட்டிப் போகாமல் இருந்தோம், அவ்வளவுதான். தங்கத்தை மட்டும் எடுத்தால் 15 கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 29 ஆனது, அது ஆள் கூடியதை விட வேகமான வளர்ச்சி.

மேட்டூரானுக்கு ஒன்று: 107-ஐயும் 111-ஐயும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆசிய விளையாட்டில் ஆண்களுக்கு ஒரே ஒரு 100 மீட்டர் ஓட்டம். பாராவில் பார்வைக்கு, மூளை வாதத்துக்கு, கை இல்லாதவர்களுக்கு, செயற்கைக் காலில் ஓடுபவர்களுக்கு, சக்கர நாற்காலிக்கு என்று தனித்தனி 100 மீட்டர். இரண்டு பட்டியலும் வேறு வேறு கணக்கு.

பட்டியலில் இன்னொரு வேடிக்கை யாரும் கவனிக்கவில்லை. 4-ஆம் இடம் தென்கொரியா, 30 தங்கம், மொத்தம் 103. நாம் மொத்தத்தில் 8 அதிகம், தங்கத்தில் ஒன்று குறைவு. 6-ஆம் இடம் இந்தோனேசியா, 29 தங்கம், 30 வெள்ளி. தங்கம் சமம், ஒரே ஒரு வெள்ளியில் நாம் மேலே. ஆக அந்த "5-ஆம் இடம்" யாரோ இரண்டு வெள்ளியைத் தவறவிட்டிருந்தால் 6, ஒருவர் இன்னும் இரண்டு தங்கம் வாங்கியிருந்தால் 4. இடத்தை வைத்துச் சண்டை போடுவதே வீண்.

அண்ணாநகர்_ஆனந்த்:
நடுவில் ஒரு சந்தேகம். மதுரை ஜெர்லின் அனிகா 3 தங்கம் வாங்கினாரே, அது இந்தக் கணக்கில் எங்கே?

பி.டி.வாத்தியார்:
@அண்ணாநகர்_ஆனந்த் அது டெஃப்லிம்பிக்ஸ், 2022-ல் பிரேசிலில் நடந்தது. காது கேளாதோருக்குத் தனி அமைப்பு, தனிப் போட்டி, பாராலிம்பிக்கிலும் பாரா ஆசியப் போட்டியிலும் அவர்களுக்குப் பிரிவு கிடையாது. எங்கள் பள்ளியிலேயே தலைமையாசிரியர் முதல் பெற்றோர் வரை எல்லோரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இழைக்கு வருகிறேன். நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர், சேலம் பக்கம். மாரியப்பனின் பெரியவடகம்பட்டி எங்களுக்கு எட்டும் தூரம்தான், 2016 ரியோவில் அவர் 1.89 தாண்டித் தங்கம் வாங்கிய பிறகு இங்கே என்ன மாறியது என்று நேரில் பார்த்தவன். அதற்கு முன்னால் ஊனமுற்ற பிள்ளைகளை விளையாட்டு வகுப்பில் மரத்தடியில் உட்கார வைத்து மற்ற பிள்ளைகளின் செருப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நானே அப்படிச் சொல்லும் ஆசிரியரிடம் படித்தவன். ரியோவுக்குப் பிறகு பெற்றோரே வந்து "சார், எங்க பையனுக்கும் ஒரு கால் இப்படித்தான், சேர்த்துக்கிறீங்களா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அவர் மூன்று பாராலிம்பிக்கிலும் தொடர்ந்து பதக்கம் வாங்கியதில், தங்கம் வெள்ளியாகி வெண்கலமானதை யாரும் இங்கே குறையாகப் பார்க்கவில்லை.

ஆனால் சேர்த்துக்கொள்வது சுலபம், அதற்கு மேல்தான் சிக்கல். எல்லோரும் நினைப்பது, கையில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது, 40 சதவீதத்துக்கு மேல் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார், போதும் என்று. அந்த அட்டை பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் உதவும். களத்தில் அதைக் கொண்டு பிரிவு முடிவாகாது. விளையாட்டு வகைப்பாடு என்பது தனிப் பரீட்சை: தசை எவ்வளவு வேலை செய்கிறது, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, கண்ணில் எந்த அளவு வெளிச்சம் தெரிகிறது என்று அளந்து, அப்புறம் களத்தில் விளையாடும்போதும் பார்த்து எண் போடுவார்கள். 11 முதல் 13 பார்வை, 20 அறிவுத்திறன் குறைபாடு, 31 முதல் 38 மூளை வாதம் போன்றவை, 40-41 உயரம் குன்றியவர்கள், 42 முதல் 47 வரை கை கால் குறைபாடு, 51-லிருந்து 57 உட்கார்ந்து எறிபவர்கள், 61 முதல் 64 செயற்கைக் காலோடு வருபவர்கள். முன்னால் டி என்றால் ஓட்டம், தாண்டுதல். எஃப் என்றால் எறிதல். 80 சதவீத அட்டை வைத்திருக்கும் பையன் தகுதியே இல்லை என்று திரும்புவதும், 45 சதவீதப் பெண் நல்ல பிரிவில் போய் விழுவதும் நடக்கும். அதை அந்த அப்பாவுக்கு விளக்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விடும்.

டோக்கியோவில் வினோத் குமார் வட்டு எறிதலில் வெண்கலம் வாங்கி, எஃப்52 பிரிவுக்குத் தகுதியில்லை என்று மறுநாளே அது போனது ஞாபகம் இருக்கிறதா? உலக மேடையிலேயே அப்படி என்றால் மாவட்டப் போட்டியில் நாங்கள் கண் மதிப்பில் பிரிக்கும் பிரிவு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்ப்பேச்சு:
@பி.டி.வாத்தியார் அவருக்குப் பிறகு தடையும் விழுந்ததே, வேண்டுமென்றே திறனைக் குறைத்துக் காட்டினார் என்று. அதையும் சொல்லுங்கள்.

பி.டி.வாத்தியார்:
விழுந்தது, இரண்டு வருடம். ஒளிக்கவில்லை. ஒருவர் செய்ததற்கு எங்கள் பிள்ளைகளை எல்லாம் சந்தேகத்தோடு பார்க்கிறார்களே, அது வேறு கதை.

ஈட்டிக்காரி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் உட்கார்ந்து எறிபவள், முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, மாநில அளவில் விளையாடுகிறேன், அதற்கு மேல் போனதில்லை. @நேர்ப்பேச்சு அண்ணன் "நாலு பேர்தான்" என்று சொன்ன அந்தக் கிளப் எறிதலைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

எஃப்51 என்றால் என்ன தெரியுமா? நான்கு அங்கங்களும் பாதிக்கப்பட்டவர்கள். விரல்களில் பிடி இருக்காது. ஈட்டியைப் பிடிக்க முடியாது என்பதால்தான் 397 கிராம் எடையில், கழுத்து ஒடுங்கிய ஒரு மரக்கட்டையைக் கொடுக்கிறார்கள், அதையும் சிலர் இரண்டு விரல் இடுக்கில் செருகி, களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலைக்கு மேலே பின்பக்கமாக எறிவார்கள். உட்காரும் இரும்புச் சட்டம் மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதைத் தரையில் நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்க வேண்டும், அப்புறம் ஆளைத் தூக்கி வைத்து இடுப்பு, தொடை, பாதம் என்று கட்ட வேண்டும். கட்டி முடிக்க ஆகும் நேரத்தால்தான் எங்கள் எறிதல்களை ஒரே மூச்சில் வரிசையாக எறிய வைக்கிறார்கள். நின்று எறிபவர்கள் போல நடுவில் போய் தண்ணீர் குடித்து, பயிற்சியாளரிடம் பேசிவிட்டு வர முடியாது. முதல் எறிதலில் பட்டை ஒரு விரல் அளவு தளர்ந்தால் மீதி எல்லாமே போச்சு.

ஆசியா முழுக்க இப்படிப்பட்ட உடம்போடு விமானம் ஏறி வந்து எறிய நான்கு பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். கழுத்தில் அடிபட்ட பிறகு உயிரோடு இருக்கவே மருத்துவம், ஆள் துணை, பணம் எல்லாம் வேண்டும். ஆள் குறைவு என்றால் போட்டி லேசானது என்று அர்த்தமாகாது.

இன்னும் ஒன்று சொல்கிறேன். அந்த நான்கு பேர் போட்டியில் பிரணவ் சூர்மா 30.01 மீட்டர் எறிந்து முதல், தரம்பீர் இரண்டாவது. பத்து மாதம் கழித்துப் பாரிஸ் பாராலிம்பிக்கில் அதே இருவர். தரம்பீர் 34.92 எறிந்து தங்கம், பிரணவ் வெள்ளி. உலகமே வந்திருந்த களத்தில்! நீங்கள் சிரித்த உயரம் தாண்டுதலும் அப்படித்தான், பாரிஸில் டி63-ல் சரத் குமார் வெள்ளி, மாரியப்பன் வெண்கலம், சைலேஷ் நாலாவது. ஆசியாவில் நமக்கு எதிராக ஆள் வராததற்குக் காரணம், அந்த இரண்டு பிரிவிலும் உலகத்தின் நல்ல ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

மேட்டூரான்:
அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நண்பருக்கு இந்தப் பதிவை அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேர்ப்பேச்சு:
தரம்பீர் விஷயம் வலுவான பதில், அதற்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் என் சந்தேகத்தின் மறுபாதி இன்னும் இருக்கிறது. 111-ல் தடகளம் மட்டும் 55, பேட்மிண்டன் 21. இந்த இரண்டே சேர்ந்து 76, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். செஸ்ஸில் 8, அது பாராலிம்பிக்கிலேயே இல்லாத விளையாட்டு. நீச்சலில் என்ன? 1972 ஹைடல்பெர்க்கில் முரளிகாந்த் பெட்கர் 50 மீட்டரில் தங்கம் வாங்கினார், இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கமே அதுதான், அதற்குப் பிறகு நீச்சலில் பாராலிம்பிக் பதக்கம் இல்லை. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது! சீனா அள்ளுவது எங்கே? நீச்சல் குளத்தில். கொரியா போச்சியாவில் 1988 சியோல் முதல் ஒவ்வொரு பாராலிம்பிக்கிலும் தங்கம் எடுத்திருக்கிறது. போச்சியா என்றால் இந்த இழையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புள்ளிக்கணக்கு:
செஸ்ஸை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள், 2018 ஜகார்த்தாவில் திருச்சி ஜெனிதா ஆன்டோ தங்கம் வாங்கியது அதில்தான். ஆனால் குறுகலாக இருக்கிறது என்பது உண்மை. ஏன் குறுகல் என்று யோசித்தால், ஈட்டிக்கும் குண்டுக்கும் ஒரு மைதானமும் ஒரு பிடிவாதக்காரப் பயிற்சியாளரும் இருந்தால் ஓரளவு நடத்திவிடலாம். நீச்சலுக்குச் சாய்தளமும், உடை மாற்ற இடமும், தண்ணீரில் இறக்கி ஏற்ற ஆளும் உள்ள குளம் வேண்டும். நம் மாவட்டத் தலைநகரங்களில் சாதாரணக் குளமே பல ஊரில் பாசி பிடித்துக் கிடக்கிறது. சக்கர நாற்காலிப் பந்தயத்துக்கு வண்டியே பல லட்சம். எங்கே செலவு குறைவோ அங்கே பதக்கம் வருகிறது.

ஈட்டிக்காரி:
ஈட்டியிலும் செலவு இல்லாமல் இல்லை, தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். நான் முதன்முதலில் எறிந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், துணி காயப்போடும் நைலான் கயிற்றால் தரையில் அடித்த முளைகளோடு கட்டி. எறியும்போது கால் மடங்கி நாற்காலி பக்கவாட்டில் சாய்ந்தது, யாரோ ஓடி வந்து பிடித்தார்கள். அளவு எடுத்தவர் "பவுல்" என்று கொடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். இப்போது என்னிடம் சொந்தச் சட்டம் இருக்கிறது, லேத் பட்டறை நடத்தும் என் தம்பி செய்து கொடுத்தது. அதை ரயிலில் கொண்டு போவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு ரயில்வே ஊழியரிடம் மன்றாட வேண்டும். ஒருமுறை தேர்வுப் போட்டிக்குப் போனால் தங்கும் அறை இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. நடத்தியவர்களிடம் சொன்னால் "தூக்கிட்டுப் போக பசங்க இருக்காங்களேம்மா" என்றார்கள். 

நேர்ப்பேச்சு:
அக்கா, இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 2015 மார்ச்சில் காசியாபாத்தில் நடந்த தேசிய பாரா தடகளப் போட்டியில் கட்டி முடிக்காத கட்டடத்தில் வீரர்களைத் தங்க வைத்து, ஒழுங்கான கழிப்பறைகூட இல்லாமல் நாடே நாறியது. அடுத்த மாதமே சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இந்தியக் கமிட்டியை இடைநீக்கம் செய்தது, ரியோவுக்குச் சில மாதம் முன்னால்தான் நீங்கியது. 2019-ல் மறுபடியும் விளையாட்டு அமைச்சகம் அங்கீகாரத்தைப் பறித்தது. இப்போது இந்தியக் கமிட்டியின் தலைவராக ஈட்டி எறிதல் வீரர் தேவேந்திர ஜஜாரியா வந்திருப்பது நல்ல விஷயம் என்று நினைக்கிறேன், அவருக்கு முன்னால் குண்டு எறிதல் வீராங்கனை தீபா மாலிக். களத்தில் நின்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சண்டைச் செய்தி குறைந்திருக்கிறது.

வவுனியன்:
கடல் தாண்டி ஒரு குரல். ஜஜாரியாவின் பெயர் வந்ததால் சொல்கிறேன், டோக்கியோவில் அவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளியது எங்கள் தினேஷ் பிரியந்த ஹேரத். 67.79 மீட்டர், உலக சாதனை, இலங்கைக்குப் பாராலிம்பிக்கில் முதல் தங்கம். ஹேரத் இராணுவத்தில் இருந்தவர், சண்டையில் கையில் காயப்பட்டவர்.

எங்களிடம் பாரா விளையாட்டு பெரும்பாலும் படையினரை ஒட்டியே வளர்ந்தது. காயப்பட்ட படைவீரருக்கு முகாம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், சம்பளம் வருகிறது. வன்னியில் கால் இழந்த, கண் இழந்த சனம் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை, அவர்களில் எத்தனை பேருக்கு ஈட்டியைக் கையில் தொடும் வாய்ப்புக் கிடைத்தது என்று மட்டும் கேட்கிறேன். செயற்கைக் கால் கிடைத்தால் வயலுக்குப் போகத்தான் யோசிப்பார்கள். அதனால் இந்தியாவின் 303 பேரில் குடிமக்கள் எத்தனை, படையினர் எத்தனை என்று பார்த்தால் உங்கள் வளர்ச்சியின் தன்மை இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

புள்ளிக்கணக்கு:
@வவுனியன் அண்ணே, நல்ல கேள்வி. இங்கும் தொடக்கம் படைதான். பெட்கர் இராணுவத்தில் இருந்தவர், 1965 போரில் குண்டடி பட்டவர். இன்றும் நாகாலாந்தின் ஹொகாட்டோ செமா இருக்கிறார், காஷ்மீரில் கண்ணிவெடியில் ஒரு கால் போனது, புனேயில் இராணுவத்தின் பாரா பயிற்சி மையத்தில் குண்டு எறியக் கற்று, ஹாங்சௌவில் வெண்கலம், பாரிஸில் வெண்கலம். ஆனால் இப்போது பெரும்பகுதி பொதுமக்கள். கிஷ்த்வார் மலைக்கிராமத்தின் ஷீத்தல் தேவி, பிறவியிலேயே இரு கையும் இல்லை, காலால் வில்லைப் பிடித்துத் தோளால் நாணை இழுத்து 16 வயதில் ஹாங்சௌவில் 2 தங்கம், ஒரு வெள்ளி. வாரங்கல் பக்கம் கல்லேடாவின் தீப்தி ஜீவாஞ்சி, டி20 பிரிவில் 400 மீட்டர் தங்கம், பெற்றோர் கூலி வேலை செய்தவர்கள். காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன், பேட்மிண்டனில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் என்று மூன்று நிறமும். அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி.

பணமும் ஒரு காரணம். 2018 ஜகார்த்தா முடிந்ததும் மத்திய அரசு தங்கத்துக்கு 30 லட்சம், வெள்ளிக்கு 20, வெண்கலத்துக்கு 10 கொடுத்தது. வீட்டில் "விளையாட்டா சோறு போடும்" என்று கேட்பவர்களின் வாயை அடைக்க இதை விட வேறென்ன வேண்டும். பாரிஸுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி, மாரியப்பன், பேட்மிண்டனில் வெண்கலம் வாங்கிய மனிஷா, நித்யஸ்ரீ மூவருக்கும் தலா ஒரு கோடி கொடுத்தது.

ஈட்டிக்காரி:
ஜெயித்த பிறகு வரும் பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஜெயிக்கப் போவதற்கான பணம்தான் இல்லை. சர்வதேச வகைப்பாடு கிடைக்க வேண்டுமானால் அங்கீகாரம் உள்ள சர்வதேசப் போட்டிக்குப் போக வேண்டும், அது வழக்கமாக வெளிநாட்டில். டிக்கெட், துணைக்கு ஒரு ஆள், அவருக்கும் டிக்கெட், அங்கே போய் "உனக்கு இந்தப் பிரிவு இல்லை" என்றால் எல்லாம் தண்ணீரில். 2025-ல் டெல்லியில் முதல்முறையாக உலக பாரா தடகள கிராண்ட் பிரி நடந்தது, அதே வருடம் உலகச் சாம்பியன்ஷிப்பும் அங்கேயே. எனக்குத் தெரிந்த சிலருக்கு அந்த ஒரு காரணத்தால்தான் பாஸ்போர்ட் இல்லாமல் வகைப்பாடு கிடைத்தது. 22 பதக்கம் வந்தது என்று பேப்பரில் போட்டார்கள், எங்களுக்கு அதை விட இது பெரிய லாபம்.

வகைப்பாடு கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. நம் பிரிவையே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஜஜாரியா 2004 ஏதென்ஸில் தங்கம் வாங்கினார், அடுத்த தங்கம் 2016-ல். நடுவில் 2008-லும் 2012-லும் அவருடைய எஃப்46 ஈட்டியே பாராலிம்பிக்கில் கிடையாது. பன்னிரண்டு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல் எறிந்துகொண்டே இருந்தாரே, அந்த மனுஷனுக்குக் கோவில் கட்டலாம். ஆள் சேராவிட்டால் இரண்டு பிரிவை ஒன்றாகச் சேர்த்தும் விடுவார்கள், அப்போது உடம்பில் என்னை விட அசைவு அதிகம் உள்ளவரோடு நான் எறிய வேண்டும்.

அண்ணாநகர்_ஆனந்த்:
டெல்லி உலகப் போட்டியில் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களைத் தெருநாய் கடித்ததே, அதுவும் அந்த வருடச் சாதனைதானே!

நெறியாளர்:
ஆனந்த், தெருநாய்க்குத் தனி இழை இருக்கிறது, நானூறு பதிவு தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள்.

மேட்டூரான்:
சரி, நாகோயாவுக்கு வருவோம். 4-ஆம் இடம் வருமா? நான் வரும் என்கிறேன். போன முறை தங்கத்தில் ஒன்றுதான் குறைவு.

நேர்ப்பேச்சு:
வராது என்பது என் பந்தயம். கொரியாவுக்கு நாகோயா பக்கத்து வீடு, ஜப்பான் சொந்த மண், இரண்டு பேரும் கூட்டமாக இறக்குவார்கள். செஸ் பட்டியலில் இருக்குமா இல்லையா என்பதிலேயே நமக்குச் சில பதக்கம் கூடும் குறையும். 44 தங்கத்தோடு ஈரான் இரண்டாவது, 42-ஓடு ஜப்பான் மூன்றாவது. அவர்களை நினைக்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்று, முன்பு போல "நாலு பேர் போட்டி" என்று இனிமேல் எழுத மாட்டேன். தடகளத்துக்கும் பேட்மிண்டனுக்கும் வெளியே 50 பதக்கம் வரட்டும், அன்றைக்கு நானே இங்கே வந்து பட்டாசு வெடிக்கிறேன்.

புள்ளிக்கணக்கு:
அந்த 50-க்கு வழி கூட்டு விளையாட்டில் இல்லை, அங்கே பன்னிரண்டு பேர் உழைத்தாலும் பட்டியலில் ஒரு பதக்கம்தான். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு சென்னையிலிருந்துதான் நடக்கிறது, மாதவி லதா பாடுபட்டு வளர்த்தது, அதற்குப் பதக்கக் கணக்கைத் தாண்டிய மதிப்பு உண்டு. பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் நீச்சல், பளுதூக்குதல், டேபிள் டென்னிஸ், போச்சியா. ஹாங்சௌவில் பளுதூக்குதலில் ஜைனப் கதூன் வெள்ளி, ராஜ்குமாரி வெண்கலம், ஒரே எடைப்பிரிவில் இருவரும். அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது.

பி.டி.வாத்தியார்:
போச்சியா என்றதும் ஒரு கேள்வி. என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், மூளை வாதம், இரண்டு கையும் இறுக்கம், பேச்சு கொஞ்சம் குழறும், மூளை படு கூர்மை. இவனைக் குண்டு எறிதலில் போட்டு வைத்திருக்கிறேன், ஏனென்றால் மாவட்டப் போட்டியில் அதுதான் இருக்கிறது. அவனுக்கு அது பொருந்தவில்லை என்று எனக்கே தெரிகிறது. குண்டு கையை விட்டுப் போவதற்குள் அவன் உடம்பு முழுக்க முறுக்கிக்கொள்கிறது. போச்சியா இங்கே யாராவது சொல்லித் தருகிறார்களா? ஈட்டிக்காரி அம்மா, உங்களுக்குத் தெரியுமா?

ஈட்டிக்காரி:
சார், குண்டை உடனே நிறுத்துங்கள், இறுக்கம் உள்ள பிள்ளைக்குத் தோள்பட்டை போய்விடும். போச்சியா என்றால் தோல் பந்து, கையளவு, ஆறு சிவப்பு ஆறு நீலம், ஒரு வெள்ளைப் பந்து இலக்கு. உட்கார்ந்த இடத்திலிருந்து வெள்ளைக்குப் பக்கத்தில் உருட்டவோ எறியவோ வேண்டும். கையால் முடியாவிட்டால் காலால், அதுவும் முடியாவிட்டால் சாய்வுப் பலகை வைத்துத் தலையில் கட்டிய கோலால் தள்ளலாம். மூளை கூர்மை என்கிறீர்கள், அதுதான் இதில் முக்கியம், முழுக்க இடம் பிடிக்கும் ஆட்டம். பந்து வாங்கும் முன்னால் துணிப்பைக்குள் அரிசியோ மணலோ அடைத்து வகுப்பறைத் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஆரம்பியுங்கள், நாங்கள் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

வகைப்பாட்டுக்கு இப்போதே காகிதம் சேர்க்கச் சொல்லுங்கள். பிறந்த ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, நரம்பியல் மருத்துவர் எழுதியது, ஸ்கேன், எது இருந்தாலும். கடைசி நேரத்தில் அலைந்தால் கிடைக்காது. எங்கள் குழுவில் போச்சியா தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். பையனின் அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லலாம். நாற்காலியோடு வருவதாக இருந்தால் பஸ் வேண்டாம், முதல் நடைமேடைக்கு வரும் ரயிலாகப் பார்த்துப் போடுங்கள், மேம்பாலம் ஏறும் வேலை இருக்காது.

பி.டி.வாத்தியார்:
நாளைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன். அந்தச் சாய்வுப் பலகை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? எங்கள் ஊர் தச்சரிடம் சொல்லி வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

ஈட்டிக்காரி:
பலகை இப்போது வேண்டாம் சார். முதலில் அவன் எந்தக் கையால், எவ்வளவு தூரம் உருட்டுகிறான் என்று பாருங்கள், கை வேலை செய்தால் பலகை பயன்படுத்தும் பிரிவே அவனுக்கு வராது. வீடியோ எடுத்து அனுப்புங்கள், பக்கவாட்டிலிருந்து, முழங்கை தெரிகிற மாதிரி.